சுவரைத் தேடும் சிம்பொனி

மேலை நாட்டு ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ன் வாசிப்பவர்கள் மேல் கொஞ்சம் கண் வைத்துப் பாருங்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் சபையை நேராகப் பார்த்து முழங்கும். ஹார்ன்காரர் கையிலுள்ள சுருண்ட பித்தளைக் குழலின் அகன்ற வாயோ பின்பக்கம் திரும்பியிருக்கும். வாசிப்பவரின் வலது கை அதற்குள் நுழைந்திருக்கும். அதிலிருந்து புறப்படும் ஒலி முதலில் பின்சுவருக்குப் போய், அங்கே பட்டுத் திரும்பித்தான் பெரும்பாலும் நம் காதுக்கு வருகிறது. பிராம்ஸ் ஹார்னுக்கு எழுதிய நீண்ட இழைப்புகளில், இசைத்தாளில் பெயர் போடாத ஒரு வாத்தியமும் கூடவே ஒலிக்கிறது. அது அந்தச் சுவர்.

அந்தச் சுவரை எடுத்துவிட்டு வாசித்தால் என்ன ஆகும் என்ற சோதனை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடை தோறும் நடக்கிறது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக் தன் பருவத்தின் கடைசிக் கச்சேரியை வால்ட்ப்யூனே என்ற திறந்தவெளி அரங்கில் இருபதாயிரம் பேருக்கு முன்னால் வாசித்து முடிக்கிறது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் 2004 முதல் ஷோன்ப்ரூன் அரண்மனைத் தோட்டத்தில் கோடை இரவுக் கச்சேரி நடத்துகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்குக்கு இரண்டு வீடுகள். குளிர்காலத்தில் 2,265 இருக்கைகள் கொண்ட வால்ட் டிஸ்னி இசையரங்கம். கோடையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி, மலைப் பள்ளத்தில் அமைந்த ஹாலிவுட் பவுல். அங்கே 17,000 பேருக்கு மேல் உட்காரலாம். வாத்தியங்களும் வாசிப்பவர்களும் அவர்களேதான். ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் கேட்பது ஒரே இசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரங்கம் என்ன செய்கிறது என்பதை முதலில் அளந்து காட்டியவர் வாலஸ் சபீன். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் அடங்க ஐந்து வினாடிகளுக்கு மேல் ஆனது. அதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து அதன் மேல் ஏறிக்கொண்டன. இளம் இயற்பியல் ஆசிரியரான சபீனிடம் அதைச் சரிசெய்யும் வேலை வந்தது. அவரிடம் இருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்துக் கடிகாரம், தன் இரண்டு காதுகள். ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து இந்தக் கூடத்தில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்திவிட்டு, ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை எண்ணுவார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும்.

இப்படிப் பல இரவுகள் கழித்து அவர் கண்டது எளிய உறவு. ஒலி நின்ற பின்னும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் எதிர்முழக்கத்தின் நேரம், அறையின் கன அளவு கூடினால் கூடும். ஒலியை விழுங்கும் பரப்பு கூடினால் குறையும். மெத்தை, திரைச்சீலை, மனித உடல் எல்லாம் விழுங்கிகள். இந்தக் கணக்கை வைத்துக் கட்டிய முதல் அரங்கம் 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால். சபை நிறைந்திருக்கும்போது அதன் எதிர்முழக்கம் 1.9 வினாடி அளவில் நிற்கிறது. உலகின் தலைசிறந்த அரங்கங்களைப் பட்டியலிடுவோர் இன்றும் அதை முதல் வரிசையில் வைக்கிறார்கள்.

இந்த இரண்டு வினாடியின் அருமை தெரிய பேத்தோவனின் கோரியோலான் முன்னிசையின் தொடக்கத்தைக் கேட்க வேண்டும். வயலின் முதல் டபுள் பேஸ் வரை எல்லாத் தந்திகளும் ஒரே சுரத்தை நீட்டுகின்றன, முழுக் குழுவும் ஒரு அடி அடிக்கிறது, பிறகு மௌனம். மறுபடி அதே போல, மறுபடியும் மௌனம். நல்ல அரங்கில் அந்த மௌனம் வெறுமையாக இராது. அடித்த ஒலி கூரையிலும் சுவரிலும் உருண்டு மெல்லத் தேயும்போதே அடுத்த அடி விழும். வெட்டவெளியில் அடி விழுந்த கையோடு ஒன்றும் மிச்சமிராது. கதவைச் சாத்தியது போல ஒலி முடிந்துவிடும்.

எதிர்முழக்கத்தோடு கதை முடிவதில்லை. நேராக வரும் ஒலிக்குப் பின்னால் இருபதில் ஒன்றிரண்டு பங்கு வினாடிக்குள் பக்கச் சுவர்களில் பட்டு வருகிற முதல் எதிரொலிப்புகள் இருக்கின்றனவே, அவை இன்னும் முக்கியம் என்பதை 1967இல் நியூசிலாந்துக்காரர் ஹெரால்டு மார்ஷல் எடுத்துச் சொன்னார். பின்னர் மைக்கேல் பாரனும் அவரும் அதைச் சோதனைகளால் உறுதிசெய்தார்கள். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் சற்றே வேறுபட்டு வருகிற இந்தப் பக்க ஒலிகள்தான் கேட்பவரை இசைக்குள் அமிழ்த்துகின்றன. வியன்னாவின் மூசிக்ஃபெராயின் பொன்னரங்கம் 19 மீட்டர் அகலமே உள்ள நீளப்பெட்டி. அதன் புகழில் பெரும்பங்கு அந்த நெருக்கமான சுவர்களுக்குச் சேர வேண்டியது. அந்தக் காலத்தில் அகலமான கூரை போடுவது கடினம் என்பதால் கட்டடம் ஒடுங்கியது. இசைக்கு அதுவே யோகமாகிவிட்டது.

இப்போது வெளியே வருவோம். சுவர் இல்லாத இடத்தில் ஒலி விரிந்துகொண்டே போகும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். மேடையிலிருந்து 10 மீட்டரில் 90 டெசிபலாக முழங்கும் ஆர்கெஸ்ட்ரா, 160 மீட்டரில் 66 டெசிபல். பரவாயில்லை, கேட்கும். ஆனால் அதே குழு மிக மெல்லிய இடத்துக்கு இறங்கி, 10 மீட்டரில் 45 டெசிபலாக வாசிக்கிறது என்று வையுங்கள். 160 மீட்டரில் அது 21. நகரப் பூங்காவில் போக்குவரத்தும் மனிதப் பேச்சும் மரத்துப் பூச்சிகளும் சேர்ந்து 50 டெசிபல் அளவில் எப்போதும் இருக்கும். அந்தத் தளத்துக்குக் கீழே போன இசை வாசித்தும் பயனில்லை. அரங்கத்துக்குள்ளோ பின்னணி ஓசையை 20, 25 டெசிபலுக்கு அடக்கி வைக்கிறார்கள். சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதால் நடு வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் சில டெசிபல்தான் வித்தியாசம்.

முழு ஆர்கெஸ்ட்ரா உரத்து வாசிக்கும்போதும் அது வெளிவிடும் ஒலி ஆற்றல் சராசரியாகச் சில வாட்டைத் தாண்டுவது அரிது. வீட்டு எல்இடி பல்புகூட அதைவிட அதிக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இத்தனை சிறிய ஆற்றலை வைத்துக்கொண்டு ஒரு மைதானத்தை நிரப்ப முயல்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இதற்கு ஒரே வழி, உரத்துக் கத்தும் வாத்தியங்களைத் திரட்டுவது. 1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில், ஆஹன் உடன்படிக்கையைக் கொண்டாட அரசு பெரிய வாணவேடிக்கை நடத்தியது. அதற்கான இசையை எழுதியவர் ஹாண்டல். மன்னர் இரண்டாம் ஜார்ஜுக்குப் பிடில் சத்தமே கூடாது. போர்க்கள வாத்தியங்கள்தான் வேண்டும். ஹாண்டல் 24 ஓபோ, 12 பசூன், 9 டிரம்பெட், 9 ஹார்ன், மூன்று இணை டிம்பனி என்று எழுதினார். வாக்ஸ்ஹால் தோட்டத்தில் நடந்த ஒத்திகைக்கே 12,000 பேர் வந்ததாக அன்றைய பத்திரிகைகள் எழுதின. விழா நாளில் வாணவேடிக்கைக்காகக் கட்டிய மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பிடித்துக்கொண்டது என்பது தனிக் கதை. ஒரு மாதம் கழித்து அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் உதவிக்காகக் கூரைக்கடியில் அதே இசையை வாசித்தபோது, ஹாண்டல் தந்தி வாத்தியங்களைச் சேர்த்துக்கொண்டார்.

மன்னரின் விருப்பம் ராணுவ மிடுக்கில் பிறந்தது. ஆனாலும் இயற்பியல் அவர் பக்கம்தான் நின்றது. ஓபோவும் பசூனும் இரட்டை நாணல் பட்டையில் பேசுகிறவை. அந்தப் பட்டையின் அதிர்வில் மேல்சுரங்கள் ஏராளம். மனிதச் செவி மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் அவை வலுவாக விழுகின்றன. நம் நாகஸ்வரத்தின் சீவாளியும் இதே வகை. சுவாமி புறப்பாட்டில் மாட வீதிக்கு நாகஸ்வரமும் தவிலும் வந்ததும் வீணை உள்ளே தங்கியதும் சம்பிரதாயம் என்போம். அந்தச் சம்பிரதாயத்துக்கு அடியில் காற்றின் கணக்கும் இருக்கிறது.

சிம்பொனிக்கு இந்த வழி உதவாது. அதன் உடம்பே தந்தி வாத்தியங்கள். அவற்றை வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால், காணாமல் போன சுவர்களில் ஒன்றையாவது திரும்பக் கட்ட வேண்டும். அப்படி வந்தவைதான் மேடைக்குப் பின்னால் சிப்பி போலக் கவிந்து நிற்கும் வளைகூடுகள். மேலேயும் பின்னேயும் வீணாகப் போகும் ஒலியைப் பிடித்து முன்னால் தள்ளுவது அவற்றின் ஒரு வேலை. மற்றொரு வேலை வெளியே தெரியாது: வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கச் செய்வது. மேடையின் இரு ஓரங்களுக்கும் இடையே 15 மீட்டர் என்றால் ஒலி அதைக் கடக்கவே 44 மில்லிவினாடி ஆகும். எதிரொலிப்பு இல்லாத வெட்டவெளியில் முதல் வயலின்காரருக்கு டபுள் பேஸ் தாமதமாகவும் மங்கலாகவும்தான் கேட்கும். அவர் நடத்துநரின் கோலை மட்டுமே நம்பி வாசிக்க வேண்டியதாகும். கண்ணால் தாளம் பிடிக்கலாம். ஒருவர் நாதத்தோடு மற்றவர் இழைவதற்குக் காதுதான் வேண்டும்.

வளைகூட்டில் சொதப்பல்களும் நிறைய. ஹாலிவுட் பவுல் 1922இல் திறந்தபோது அது இயற்கையான பள்ளம். மலைச்சரிவே சுவராக இருந்தது. 1926இல் கூடுதல் பேர் உட்கார வேண்டுமென்று சரிவை வெட்டிச் சீராக்கினார்கள். இயற்கை கொடுத்திருந்த ஒலியமைப்பு கெட்டது. அடுத்த ஆண்டு ஃபிராங்க் லாயிட் ரைட்டின் மகன் லாயிட் ரைட் கூர்நுனிக் கோபுரம் போல ஒரு மரக்கூடு கட்டினார். ஒரு சினிமா செட்டில் மிஞ்சிய பலகைகளால் செய்தது அது என்பார்கள். ஒலி அருமையாக இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை என்று பிரித்துப் போட்டார்கள். 1928இல் அவரே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய வளைவுகளால் வேறொன்று செய்தார்; அது மழையில் கெட்டது. 1929இல் எழுந்த வெள்ளை வளைகூடுதான் உலகப் புகழ் பெற்றது. படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் ஹாலிவுட்டின் முகமாகி, 2003 வரை நின்றது.

அந்த அழகிய அரைவட்டம் ஒலிக்கு எதிரி. உட்குழிந்த ஆடி ஒளியைக் குவிப்பது போலவே உட்குழிந்த வளைவு ஒலியை ஒரே இடத்தில் குவிக்கும். மேடையில் ஒரு நாற்காலியில் இருப்பவருக்குப் பித்தளை வாத்தியங்கள் காதைப் பிளக்கும். அடுத்த நாற்காலிக்காரருக்கு அவை இருப்பதே தெரியாது. இதற்கு வைத்தியம் பார்க்க 1970இல் வந்தவர் ஃபிராங்க் கெரி, பின்னாளில் டிஸ்னி அரங்கத்தை வடிவமைத்த அதே கெரி. கான்கிரீட் தூண் வார்க்க உதவும் பெரிய அட்டைக் குழாய்களை மேடையின் பக்கங்களில் நிறுத்தினார். புடைத்த உருளையில் பட்ட ஒலி குவியாது, சிதறும். 1980களின் தொடக்கத்தில் குழாய்கள் போய், கூட்டின் உட்புறத்தில் கண்ணாடியிழைப் பந்துகள் தொங்கின. 2004இல் திறந்த இன்றைய கூடு பழைய தோற்றத்தை வைத்துக்கொண்டே பெரிதாகியிருக்கிறது. மேடைக்கு மேல் வளையம் போல ஒரு விதானமும் வந்தது. ஒலியியலாளர்கள் சொல்வதைக் கேட்காத அழகுணர்ச்சியால் 75 ஆண்டு வீணானது என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கூட்டின் படத்தைப் பார்த்துத்தான் பாதிக் கூட்டம் அங்கே போயிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

எந்தக் கூட்டாலும் பிடிக்க முடியாத ஒலி ஒன்று உண்டு. டபுள் பேஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல். தன்னைவிடப் பல மடங்கு பெரிதாக இல்லாத தடுப்பை அந்த அலை ஒரு பொருட்டாகவே எண்ணாது, சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் கூடு வைத்தும் வெளிக் கச்சேரிகளில் ஆர்கெஸ்ட்ராவின் அடித்தளம் மெலிந்தே கேட்கும்.

பாஸ்டன் சிம்பொனியின் கோடை இல்லமான டாங்கிள்வுட் வேறு வழி தேடியது, அதுவும் மழை தள்ளிவிட்டதால். 1937 ஆகஸ்டில் கூடாரத்துக்குள் வாக்னர் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது இடியும் மழையும் கொட்டி, வாசிப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. அன்றே நிரந்தரக் கூரைக்கு நன்கொடை திரட்டத் தொடங்கினார்கள். ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் எலியல் சாரினன் போட்ட திட்டம் பணத்துக்கு மிஞ்சியது. ஜோசப் ஃபிரான்ஸ் என்ற பொறியாளர் அதைச் சுருக்கி, பக்கவாட்டில் சுவரே இல்லாத ஒரு பெரும் விசிறிக் கொட்டகையாகக் கட்டி முடித்தார். 1938 ஆகஸ்டில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியோடு திறந்தார்கள். 5,000 பேருக்கு நிழல். மற்றவர்கள் வெளியே புல்தரையில். ஒலி தெளிவுக்காக 1959இல் மேடைக்கு மேலே முக்கோணப் பலகைகளை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டார்கள். பலகையில் பட்டது உடனே சபைக்கு வந்து தெளிவு தரும். இடைவெளி வழியே மேலே போனது கூரையில் உருண்டு தாமதமாக வந்து எதிர்முழக்கம் தரும். இந்த ஒரு யோசனையை மட்டும் தனியாகப் பாராட்டலாம். கூரை உயரமாகவும் வேண்டும், தாழ்வாகவும் வேண்டும் என்ற முரணை அது அவிழ்த்துவிட்டது.

கச்சேரிகள் ஏன் மாலையில் நடக்கின்றன என்று கேட்டால் வெயில் தாழட்டும் என்பார்கள். வேறொரு நன்மையும் அதில் இருக்கிறது. ஒலி வெப்பக் காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்லும். பகலில் தரை சுடும். தரையை ஒட்டிய ஒலி முந்திக்கொள்ள, அலை மேல்நோக்கி வளைந்து பின்வரிசைக்காரர் தலைக்கு மேலே போய்விடும். சூரியன் மறைந்து தரை குளிர்ந்ததும் நிலைமை தலைகீழாகும். மேலே போன ஒலி கீழே வளைந்து இறங்கும். மார்கழி விடியலில் அடுத்த ஊர்க் கோயில் பாட்டு நம் வாசலில் ஒலிப்பது போலக் கேட்பதும் இதனால்தான். காற்று வீசும் திசையும் இதே வித்தையைச் செய்கிறது. உயரே போகப் போகக் காற்றின் வேகம் கூடுவதால், காற்றோடு போகும் ஒலி தரைக்கு வளையும். எதிர்த்துப் போவது வானத்துக்கு. இதை 1857இலேயே ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கிவிட்டார்.

காற்று ஒலியைச் சும்மா கடத்துவதுமில்லை, தின்னவும் செய்கிறது. 20 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், 125 ஹெர்ட்ஸ் ஒலி 100 மீட்டரில் இழப்பது 0.03 டெசிபல். 8,000 ஹெர்ட்ஸ் ஒலி இழப்பது 7.7 டெசிபல். தூரத்தால் வரும் இழப்பு போக, இது தனி. வயலின் வில் தந்தியைத் தொடும் அந்த மெல்லிய உராய்வு, முக்கோண மணியின் மினுக்கு, சிம்பலின் சிதறல் எல்லாம் 8,000க்குப் பக்கத்தில் இருப்பவை. தொலைவில் கேட்கும் இசை போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

மேடையில் உள்ளவர்களுக்குச் சுருதித் தொல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் 0.17 விழுக்காடு கூடும். குழலுக்குள் இருக்கும் காற்றுக்கும் அது பொருந்தும். 10 டிகிரி ஏறினால், கணக்குப்படி ஊதுகருவிகளின் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரும். வாசிப்பவரின் மூச்சே குழலைச் சூடாக்கி வைப்பதால் நடைமுறையில் இவ்வளவு ஏறாது என்றாலும் ஏற்றம் ஏற்றம்தான். அதே வெயிலில் எஃகுத் தந்தி நீண்டு தளர்ந்து சுருதி இறங்கும். ஒரு பாதிக் குழு மேலே, மறு பாதி கீழே! ஓபோக்காரர் கொடுக்கும் ஆதார சுரத்துக்கு எல்லோரும் அடிக்கடி வந்து சேர வேண்டியிருக்கிறது. விலையுயர்ந்த பழைய வயலின்களைப் பலர் வீட்டில் வைத்துவிட்டு இரண்டாம் தர வயலினோடு வருவார்கள். இசைத்தாள் பறக்காமலிருக்கத் துணி கிளிப்.

1986 ஜூலை 5 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டை ஒட்டி நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வாசித்தபோது கூடியவர்கள் எட்டு லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். நடத்தியவர் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா. இத்தனை பேருக்கு முன்னால் வளைகூட்டால் ஒன்றும் செய்ய முடியாது, ஒலிபெருக்கிதான் கதி. ஆனால் மேடையில் மட்டும் ஒலிபெருக்கி வைத்தால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்குக் கேட்காது. கூட்டத்துக்கு நடுவே ஆங்காங்கே கோபுரம் நட்டு அதில் ஒலிபெருக்கி வைக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல். மின்கம்பியில் சமிக்ஞை நொடியில் போய்விடும். காற்றில் ஒலி 100 மீட்டர் கடக்க 0.29 வினாடி எடுக்கும். கோபுரத்தில் முதலில் ஒருமுறை, மேடையிலிருந்து பிறகு ஒருமுறை என ஒரே சுரம் இரண்டாகக் கேட்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி 1949இல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டியது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சில மில்லிவினாடி இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையிலிருந்துதான் ஒலி வருகிறது என்று மூளை முடிவுகட்டிவிடும். பின்னால் வந்தது 10 டெசிபல்வரை உரத்திருந்தாலும் அதைத் தனி ஒலியாக மதிக்காது; முதல் ஒலிக்கு வலுவாகச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே 100 மீட்டரில் உள்ள கோபுரத்துக்குப் போகும் சமிக்ஞையை 0.29 வினாடிக்கு மேல் இன்னும் 10, 15 மில்லிவினாடி பிடித்து வைத்து விட்டால் போதும். பக்கத்துக் கோபுரம் முழங்கும்; காது தூரத்து மேடையைச் சுட்டும். வெயில் தாழ்ந்து 30 டிகிரி 20 ஆனால் 150 மீட்டர் தூரத்துக்கான தாமதம் 7 மில்லிவினாடிக்கு மேல் மாறிவிடும். அக்கறையுள்ள ஒலிப்பொறியாளர் இடைவேளையில் தேநீர் குடிக்கப் போகாமல் வெப்பமானியைப் பார்ப்பது இதற்காகத்தான்.

இத்தனை கணக்கும் நிகழ்ச்சி நிரலில் வந்து விடிகிறது. பூங்காக் கச்சேரிகளில் ஏன் எப்போதும் அதே தெரிந்த உருப்படிகள் என்று சங்கீத விமர்சகர்கள் முகம் சுளிப்பதுண்டு. ஜனரஞ்சகம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். என் கணக்கில் தேர்வு செய்பவர்களில் காற்றும் ஒருவர். 50 டெசிபலுக்குக் கீழே இறங்காத, தாளம் தெளிவான, பித்தளையும் தோலும் முன்னால் நிற்கும் இசைதான் வெளியே பிழைக்கும். மாலரின் ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பக்கத்தில் தந்திகள் மூச்சடங்குவது போல அடங்கும் இடம் பூங்காவில் ஒரு ஆட்டோ ஹார்னுக்குத் தாங்காது.

சைக்கோவ்ஸ்கியின் 1812 முன்னிசையோ வெளியிலேயே பிறந்தது போல நடந்துகொள்ளும். அதன் இசைத்தாளிலேயே 16 பீரங்கிக் குண்டுகள் குறித்திருக்கின்றன. பாஸ்டனில் சார்லஸ் ஆற்றங்கரை வளைகூட்டில் நடத்துநர் ஆர்தர் ஃபீட்லர் 1974 ஜூலை 4 அன்று அதை நிஜப் பீரங்கியோடும் தேவாலய மணிகளோடும் வாணவேடிக்கையோடும் வாசிக்க வைத்தார்; அது அந்த ஊரின் ஆண்டு வழக்கமாகிவிட்டது. இரண்டே ஆண்டில், 1976இல், நாலு லட்சம் பேர் கூடினார்கள். பீரங்கி கூட்டத்திலிருந்து 300 மீட்டர் தள்ளி நின்றால் அதன் ஒலி வர 0.87 வினாடி ஆகும். தாளத்தில் விழ வேண்டுமென்றால் அதற்கு முன்பே திரி பற்ற வேண்டும். ஆற்றின் இக்கரையில் இருப்பவருக்குச் சரியாக விழுந்தது அக்கரையில் இருப்பவருக்குப் பிசகும். அதை யாரும் சட்டை செய்வதில்லை; வானத்தில் பூ விரியும்போது தாளக் கட்டு பார்ப்பவர் யார்?

சினிமா இசை வெளியே ஏன் இவ்வளவு நன்றாக எடுபடுகிறது என்பதற்கும் இதே காரணத்தைச் சொல்லத் தோன்றுகிறது. 1977 நவம்பரில் சுபின் மேத்தா லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து ஹாலிவுட் பவுலில் ஸ்டார் வார்ஸ் இசையை லேசர் ஒளியோடு வாசித்தார். அந்த இசையை எழுதிய ஜான் வில்லியம்ஸ் அங்கே அதை நடத்திய இரவுகளில் ரசிகர்கள் ஒளிவாள்களை வீசித் தாளம் போட்டார்கள். வசனத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் அடியில் கிடந்தும் காதில் விழ வேண்டும் என்று எழுதிய இசை அது. ஹெலிகாப்டர் பறக்கும் மலைப் பள்ளம் அதற்குப் பழகிய இடம்தான்.

வெளியிலேயே முழு அரங்கத்தையும் எழுப்பிவிடலாம் என்று துணிந்தவர்கள் சிகாகோவில் இருந்தார்கள். 2004இல் திறந்த பிரிட்ஸ்கர் மேடையின் வடிவமும் ஃபிராங்க் கெரியுடையதே. மேடையைச் சுற்றி விரியும் எஃகு இதழ்களை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். விஷயம் இருப்பது புல்தரைக்கு மேலே பந்தல் போல வளைந்து ஓடும் எஃகுக் குழாய் வலையில். 180 மீட்டர் நீளத்துக்கு மேல் ஓடும் அந்தப் பந்தலில் இரண்டு விதமான ஒலிபெருக்கிகள் தொங்குகின்றன. ஒரு வகை, மேடையின் நேரொலியைத் தூரத்துக்கேற்பத் தாமதித்துக் கொடுக்கும். மறு வகை, சுவரிலும் கூரையிலும் பட்டு வந்திருக்க வேண்டிய ஒலியைக் கணினியில் உண்டாக்கி, பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் தெளிக்கும். மைக்குக்கே அந்த ஒலி திரும்பப் போய் ஊளையிடாதபடி தாமதங்களை இடைவிடாது சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பது இதிலுள்ள நுட்பம். மார்ஷல் சொன்ன பக்க எதிரொலிப்பு, சபீன் எண்ணிய இரண்டு வினாடி, ஹாஸின் மில்லிவினாடிகள் மூன்றும் அந்தப் பந்தலில் சேர்ந்து தொங்குகின்றன.

இது நிஜ ஒலியா என்று சிலர் கேட்பார்கள். பாஸ்டன் ஹாலில் நாம் கேட்பதிலும் பெரும்பகுதி பிளாஸ்டரிலும் மரத்திலும் பட்டு உருமாறி வருவதுதானே. அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. எனக்குள்ள குறை வேறு. சுவர் ஒலியை உள்ளே வைப்பதோடு ஊரை வெளியே நிறுத்தவும் செய்கிறது. எதிர்முழக்கத்தைக் கம்பியில் தொங்கவிட முடிந்தவர்களால் அமைதியைத் தொங்கவிட முடியவில்லை. மிச்சிகன் அவென்யூவில் ஆம்புலன்ஸ் போனால் போனதுதான்.

அப்படியிருந்தும் அங்கே கிராண்ட் பார்க் இசைவிழா ஒவ்வொரு கோடையும் கனமான சிம்பொனிகளையே தயங்காமல் எடுத்து வாசிக்கிறது. 1935இல் தொடங்கிய விழா அது. புல்தரைக்குக் கட்டணம் கிடையாது. போகிறவர்கள் பந்தலின் எல்லைக்குள் உட்காருவது நல்லது. குழாய் வலையைத் தாண்டிப் பத்தடி வெளியே போர்வையை விரித்தால், சுற்றி நின்ற சுவர்கள் போய்விடும்.